கேட் போட்டிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
ஸ்கூட்டரை அணைத்தேன்.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி, சொட்டிக்கொண்டு.
இனிமேல் பன்னிரண்டு நிமிடம்,
சில நாள் இருபது,
இதுதான் என் அலுவலகம்.

இங்கே நின்றுதான் அவற்றைக் கட்டினேன்,
ஒரு மாதம், கேட் போடும்போதெல்லாம் கொஞ்சம்.
நோட்டைப் படம் பிடித்துப் போட்டால் படிக்க ஒரு ஏஜென்ட்,
அதற்குத் திருத்தத் தெரியாது.
திருத்துவதற்கு வேறொன்று,
அது எந்தக் கையெழுத்தையும் பார்த்ததில்லை.
யார் எங்கே தடுக்கினார்கள் என்று பார்த்து
நாளைய கணக்கைத் தயாரிக்க மூன்றாவது.
நான்காவது வீட்டுக்குச் செய்தி எழுதும்,
என்னைவிட மரியாதையாக.
ஏலக் கூடத்தில் ஐஸ் பெட்டி கைமாறுகிற மாதிரி
ஒன்று முடித்ததும் அடுத்ததிடம் தள்ளும்.
கடைசியில் எல்லாம் வந்து
என் கட்டைவிரலுக்காக நிற்கும்.
அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

ஏழாம் வகுப்பு. நாற்பத்து மூன்று பேர்.
முன்பெல்லாம் இரவு பதினொன்றரை வரை சிவப்பு மை,
சாம்பார் சூடாக்கும்போதும் ஒரு நோட்டு.
இப்போது ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறேன்.
இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இன்றைக்கு ஒரே ஒரு பெயரில் மட்டும் சிவப்பு.
தேசப்பன். ஏழாவது கணக்கு.
அறுபது கிலோ மீனை ஐந்து பேர்
சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?
விடை பன்னிரண்டு.
அவன் ஆறு என்று எழுதியிருக்கிறான்.

தவறு, வகுத்தலில் பயிற்சி தேவை,
என்றது இரண்டாவது.
மூன்றாவது அதற்குள் பத்துக் கணக்கு போட்டாயிற்று.
மதிப்பிற்குரிய பெற்றோருக்கு, என்று
நான்காவது ஆரம்பித்தும் விட்டது.

படத்தைப் பெரிதாக்கினேன்.
ஓரத்தில், பென்சிலில், சாய்ந்து ஒரு வரி.
கிறுக்கல் என்று முதலாவது விட்டுவிட்ட வரி:
'படகுக்குப் பாதி போச்சு மிஸ்.'

முப்பது படகுக்காரருக்கு.
மீதி முப்பது, ஐந்து பேர், ஆளுக்கு ஆறு.
வகுத்தலில் ஒரு குறையும் இல்லை.
டீசலையும் கழித்திருந்தால் இன்னும் இறங்கியிருக்கும்.
அதைப் பெரிய மனசு பண்ணி
எங்களுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறான்.

போன மாதமும் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு
'பிள்ளைகள் வீட்டுத் தொழிலிலிருந்து கணக்கு எடு' என்று
ஒரு வரி சேர்த்தேன்.
மறுநாள் பத்துக்குப் பத்தும் மீன்.
வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, மறுபடி வஞ்சிரம்.
கடைசி பெஞ்சில் ஹாஜிரா எழுந்தாள்:
'மிஸ், எங்க அத்தா ட்ரெய்லர் ஓட்டுறாரு.
ஹார்பர் கேட்டுல ரெண்டு நாளா நிக்கிறாரு.
அதுல கணக்கு வராதா?'
வந்தது. அந்த வாரம் முழுக்க லாரி.
மீன் வீட்டுப் பிள்ளைகள் முறைத்துக்கொண்டு போட்டார்கள்.

சரக்கு ரயில் வந்துவிட்டது. நிலக்கரி.
பெட்டியை எண்ணுவது பழக்கம்,
பதினான்கு, பதினைந்து.
சமமாக, என்றுதான் கேட்டிருக்கிறது கேள்வி.
படகைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.
பரீட்சையில் ஆறு போட்டால் அவனுக்கு முட்டைதான்,
அங்கே திருத்துகிறவர் ஓரத்தைப் படிக்க மாட்டார்.
பன்னிரண்டு போடு என்று நாளைக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.
எப்படிச் சொல்வது என்றுதான்
இருபத்தாறாவது பெட்டிவரை தெரியவில்லை.
அதற்குப் பிறகு எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

நாற்பத்து இரண்டு பேருக்கு அனுப்பு என்று அழுத்தினேன்.
பெற்றோர் செய்தியை அழித்தேன்.
தேசப்பன் நோட்டு மட்டும்
காலையில் என் மேசைக்கு, அவனோடு.

நிறுத்தி வைக்கக் காரணம் எழுதவும், என்றது திரை.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் போகாது,
அந்தக் கட்டத்தை வைத்ததும் நான்தான்.

கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரனை விடாமல் அமுக்குகிறது.
தண்ணீர் லாரி நகர்ந்த இடத்தில் ஒரு ஈரக் கோடு.
படகு, என்று தட்டினேன்.
ஏற்றுக்கொண்டது.